வீட்டு விருப்பம் என்றால் யாருடைய விருப்பம்?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் புதிதாக எழும்பும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் குடியேறுகிறவர்களுக்குச் சாவியோடு சேர்த்து ஒரு ஆப்பும் கொடுக்கப்படுகிறது. வாசலில் வந்து நிற்பவரை உள்ளே விடலாமா என்று செக்யூரிட்டி கேட்டு அனுப்புவதற்கான ஆப் அது. அது பழகிய கொஞ்ச நாளில் வீட்டுக்குள் இன்னொன்றும் வந்துவிடுகிறது. மளிகைப் பட்டியல், பால் கணக்கு, பள்ளிக் கட்டணத் தேதி, இன்றைக்கு யார் என்ன வேலை, யார் எங்கே இருக்கிறார்கள் என்று குடும்பத்தை ஒழுங்குபடுத்தித் தரும் ஆப்.

இரண்டும் தொடக்கத்தில் ஏறக்குறைய ஒரே படிவத்தைத்தான் நீட்டுகின்றன. இந்த வீட்டுக்கு அட்மின் யார்? உறுப்பினர்கள் யார் யார்? சாப்பாடு வெஜ்ஜா, நான்-வெஜ்ஜா? வேலைக்கு ஆள் வருகிறாரா? யாருடைய லொகேஷனை யார் பார்க்கலாம்? ஐந்து நிமிட வேலை. 'வீட்டு விருப்பங்கள்' என்று தலைப்பிட்டு, நான்கு பேருக்கு ஒரே ஒரு விருப்பம்தான் இருக்க முடியும் என்பது போலக் கேட்கிறார்கள். நாமும் தயக்கமில்லாமல் நிரப்பிவிடுகிறோம்.

இதில் கவனிக்க வேண்டியது, நிரப்புவது யார் என்பது. பெரும்பாலான வீடுகளில் அப்பா நிரப்புவதில்லை, அம்மாவும் நிரப்புவதில்லை. "இதைக் கொஞ்சம் போட்டுக் குடேன்" என்று போன் வந்து சேர்வது கல்லூரியில் படிக்கிற, அல்லது இப்போதுதான் வேலைக்குப் போகிற பிள்ளையின் கையில். ரேஷன் கார்டு திருத்தத்துக்கு விண்ணப்பித்தது யாரோ, மின்கட்டணத்தை ஆன்லைனில் கட்டுவது யாரோ, அவர்தான் இதையும் செய்கிறார். அதாவது இதைப் படிக்கிற நீங்கள். ஆகவே அப்பாக்களுக்கு உபதேசம் செய்ய இங்கே தேவையில்லை. அந்த ஐந்து நிமிடம் உங்களிடம் இருக்கிறது. அதில் என்னென்ன முடிவாகிறது என்பதைப் பார்ப்போம்.

முதலில் சாப்பாடு. மாதிரிப் பதிவு முறையின் 2014 அடிப்படைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 97.65 சதவீதம் பேர் இறைச்சியோ மீனோ முட்டையோ சாப்பிடுகிறவர்கள். ஆனால் படிவம் வெஜ் என்பதை இயல்பாகவும் மற்றதை அதன் மறுப்பாகவும் வைத்திருக்கிறது. 'நான்-வெஜ்', 'அசைவம்' என்ற சொற்களே அப்படிப் பிறந்தவைதான். நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லாத ஒரு பழக்கத்தை அளவுகோலாக வைத்து மீதி எல்லோருக்கும் 'அது அல்லாதவர்கள்' என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். மீன்குழம்பு வாசம் வராத தெரு ஆவடியில் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. ஆனால் 'வெஜ் குடும்பத்துக்கு மட்டும்' என்ற வாடகை விளம்பரம் ஆவடியிலும் உண்டு, முகப்பேரிலும் உண்டு. அந்த வரி யாரை வேண்டாம் என்கிறது என்பது போடுகிறவருக்கும் தெரியும், படிக்கிறவருக்கும் தெரியும். சாதியை வாய்விட்டுக் கேட்டால் அசிங்கம் என்ற அளவுக்காவது நூறாண்டு சுயமரியாதைப் பிரச்சாரம் இந்த மண்ணில் வேலை செய்திருக்கிறது. அதனால் சாதி, சாப்பாட்டைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறது.

இதைத் தனிமனித விருப்பம் என்று சொல்பவர்கள் அண்மைக் காலத்து நிகழ்வுகள் சிலவற்றை நினைத்துப் பார்க்க வேண்டும். 2018 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி.யின் இமாலயா உணவகத்தில் சைவ மாணவர்களுக்குத் தனி வாசல், தனி கைகழுவுமிடம் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டம் அதைப் படத்தோடு அம்பலப்படுத்திய பிறகே எடுத்தார்கள். 2023-இல் மும்பை ஐ.ஐ.டி. விடுதியில் சைவத்துக்கென்று மேசைகளை ஒதுக்கினார்கள். அதை எதிர்த்த மாணவருக்கு 10,000 ரூபாய் அபராதம் போட்டார்கள். 2024 மார்ச் 19 அன்று சொமாட்டோ 'சுத்த சைவ' வாடிக்கையாளர்களுக்குப் பச்சைச் சட்டை போட்ட தனி ஊழியர் படையை அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் மறுநாளே பச்சைச் சட்டையைக் கைவிட்டது, தனிப்படை மட்டும் தொடரும் என்றது. சட்டையைக் கைவிட்டதற்கு அந்நிறுவனத்தின் தலைவர் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள். சிவப்புச் சட்டை போட்டவர்கள் அசைவம் கொண்டுவருபவர்கள் என்று அடையாளம் காணப்பட்டு, குடியிருப்போர் சங்கங்களால் வாசலில் தடுக்கப்படக்கூடாது என்பதற்காகவாம். கேட் வரைக்கும் என்ன நடக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

இதையெல்லாம் வடக்கத்திக் கூத்து, பார்ப்பனக் கூத்து என்று ஒதுக்கிவிட முடியாது. 2022 மே மாதம் ஆம்பூரில் அரசு நடத்தவிருந்த பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றார்கள். எதிர்ப்பு வந்தது. தாங்களே இலவசமாக வழங்குவோம் என்று அமைப்புகள் அறிவித்தன. விழா மழையைக் காரணம் காட்டித் தள்ளிவைக்கப்பட்டது. மாவட்ட நிர்வாகத்துக்கு ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டு அறிவிப்பு அனுப்பியது. ஆம்பூர் பிரியாணி என்ற பெயரை உலகத்துக்குக் கொடுத்த ஊரிலேயே இந்த நிலை.

நம் வீட்டு அடுக்களைக்குள்ளும் அதே கோடு ஓடுகிறது. 'நான்-வெஜ்' என்று டிக் அடித்துவிட்டதாலேயே அந்த வீடு முற்போக்கு வீடாகிவிடாது. ஆடு, கோழி, மீன் எல்லாம் பட்டியலில் ஏறும், மாட்டுக்கறி மட்டும் ஏறாது. ஏறினாலும் அதற்குத் தனிச் சட்டி இருக்கும், அல்லது "வெளியிலேயே சாப்பிட்டுட்டு வந்துடு" என்ற அன்பான ஏற்பாடு இருக்கும். செவ்வாய், வெள்ளி, அமாவாசை, புரட்டாசி என்று நாள்வாரியான தடைகள் உண்டு. எங்கள் தாத்தா பாட்டி காலத்தில் இவ்வளவு இல்லை என்று பல வீடுகளில் சொல்லக் கேட்கலாம். மேலே உள்ள சாதியின் நடைமுறையைக் கீழே உள்ளவர்கள் கடைப்பிடித்து 'உயர்ந்து' காட்டும் பழைய ஏணி இது. எம்.என்.சீனிவாஸ் இதற்குச் சமஸ்கிருதமயமாக்கல் என்று பெயர் வைத்தார். அந்த ஏணியில் ஏறியதற்கான ரசீதுபோலத்தான் இப்போது ஆப் காலண்டரில் பிரதோஷமும் சஷ்டியும் நோட்டிபிகேஷனாக வந்து விழுகின்றன. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வரும் நண்பன் எந்தச் சாதிக்காரனாக இருந்தாலும் அவன் விரும்பியதைச் சாப்பிட அந்த வீட்டில் இடமுண்டா? படிவத்தில் இந்தக் கேள்விக்குக் கட்டம் இல்லை.

இந்தப் பகுதியின் வரலாற்றிலேயே ஒரு மாற்று இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆவடி என்றதும் 1955-இல் காங்கிரஸ் இங்கே கூடி 'சோசலிச பாணிச் சமுதாயம்' என்று தீர்மானம் போட்டதைப் பாடப்புத்தகம் சொல்லித்தரும். அந்தத் தீர்மானத்தால் ஆவடிக்கு என்ன நடந்தது என்பதைவிட, அடுத்த பத்தாண்டுகளில் இங்கே வந்த தொழிற்சாலைகளால் நடந்தது அதிகம். படை உடைத் தொழிற்சாலை வந்தது, கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது, பக்கத்தில் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. பல மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் தொழிலாளர்கள் வந்தார்கள். ஆவடியின் தொழிற்சாலைக் குடியிருப்புகளில் வீடு ஒதுக்கப்பட்டது பணிநிலையையும் மூப்பையும் பார்த்து. பக்கத்து வீட்டில் யார் வரவேண்டும் என்று யாராலும் விருப்பம் தெரிவிக்க முடியாது. பக்கத்து வீட்டில் என்ன கொதிக்கிறதோ அதன் வாசத்தோடுதான் வாழ்ந்தாக வேண்டும். அங்கே சாதி ஒழிந்துவிட்டது என்று நாம் கதை விடப்போவதில்லை. கல்யாணம் என்று வந்ததும் குவார்ட்டர்ஸ்காரர்களும் சொந்த ஊருக்குத்தான் பேருந்து ஏறினார்கள். ஆனாலும் அண்டைவீட்டாரைத் தேர்ந்தெடுக்கும் வசதி இல்லாததால் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் கலந்து வளர்ந்தார்கள், ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிட்டார்கள். இன்றைக்குத் தனியார் கட்டும் கோபுரங்கள் அந்தத் தேர்ந்தெடுக்கும் வசதியைத்தான் கூடுதல் விலைக்கு விற்கின்றன. அதற்கு வைத்திருக்கும் பெயர் 'விருப்பம்'.

அடுத்தது வேலை. ஒன்றிய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்கு 289 நிமிடம் அதற்குச் செலவிடுகிறார்கள் என்றும், ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடம் செலவிடுகிறார்கள் என்றும் சொல்கிறது. ஈடுபடும் ஆண்கள் என்பதைக் கவனியுங்கள். எட்டிக்கூடப் பார்க்காதவர்கள் இந்தச் சராசரிக்குள் வரவே மாட்டார்கள். 2019-இல் நடந்த முந்தைய கணக்கெடுப்பில் பெண்களுக்கு 299, ஆண்களுக்கு 97 நிமிடம். ஐந்தாண்டில் பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது. அதைச் சமத்துவம் என்று கொண்டாடலாம் என்று பார்த்தால் ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்துவிட்டது!

குடும்ப ஆப்கள் இந்தச் சுமையைப் பகிர்வதற்காக வந்தவை என்றுதான் விளம்பரம் செய்கின்றன. ஆளுக்கொரு நிறம், ஆளுக்கொரு வேலைப் பட்டியல். நடப்பது என்ன? வேலையைச் செய்வதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. சிலிண்டர் எப்போது தீரும், பாட்டியின் பிரஷர் மாத்திரை எத்தனை மிச்சம், சின்னவனின் யூனிபார்ம் காய்ந்ததா என்று முன்கூட்டியே யோசிப்பதும், சொன்னது நடந்ததா என்று திரும்பத் திரும்பப் பார்ப்பதும் அந்த வேலை. சமூகவியலாளர் அலிசன் டேமிங்கர் 2019-இல் அமெரிக்கக் குடும்பங்களைப் பற்றி எழுதிய ஆய்வில், முடிவெடுப்பதைக் கணவனும் மனைவியும் சேர்ந்து செய்கிறார்கள், யோசித்து வைப்பதும் கண்காணிப்பதும் பெரும்பாலும் மனைவியின் தலையில் விழுகின்றன என்றார். அமெரிக்காவில் அப்படி. இங்கே முடிவெடுப்பதும் சேர்ந்து நடப்பதில்லை. ஆப் வந்ததும் அந்த யோசனைகளையெல்லாம் அதில் ஏற்றும் வேலை புதிதாகச் சேர்ந்துகொள்கிறது. காலையில் அம்பத்தூர் எஸ்டேட்டின் ஏற்றுமதி ஆடை நிறுவனத்துக்கு ஓடவேண்டிய ஒரு பெண், திருநின்றவூரிலிருந்து ரயிலில் நின்றுகொண்டே வருகையில் அவருடைய போன் மட்டும் ஐந்து முறை சிணுங்குகிறது. வீட்டில் மற்ற மூவரின் போனிலும் நோட்டிபிகேஷன் அணைக்கப்பட்டிருக்கிறது. ஆப்பைக் குறை சொல்லி என்ன பயன்? அதை அணைத்தது யாருடைய விரல்?

அட்மின் என்ற கட்டத்துக்கு வருவோம். கூகுளின் குடும்பக் குழுவில் 'மேலாளர்' ஒருவர்தான், ஆப்பிளில் 'ஒருங்கிணைப்பாளர்' ஒருவர்தான். உறுப்பினரைச் சேர்ப்பதும் நீக்குவதும் அவர் கையில். குடும்பம் என்றால் மொத்தம் ஆறு பேர் என்று இரண்டு நிறுவனங்களும் முடிவு செய்து வைத்திருப்பது தனி வேடிக்கை. அம்மாச்சியை எங்கே சேர்ப்பது என்று கலிபோர்னியாவில் யாருக்கும் கவலை இருந்திருக்காது. நம் வீடுகளில் அந்த ஒருவர் கேள்வியே இல்லாமல் அப்பா. பணம் கட்டுவது அவருடைய கார்டு, ஆகவே அவர் அட்மின். ஆனால் 'பணம் கொண்டுவருபவரே தலைவர்' என்ற விதியை அரசே சட்டத்தில் மாற்றியிருக்கிறது. 2013-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு, ரேஷன் அட்டை வழங்கும் நோக்கத்துக்காக வீட்டில் 18 வயது நிரம்பிய மூத்த பெண்ணே குடும்பத் தலைவர் என்கிறது. 2023 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை, மாதம் 1,000 ரூபாயைக் 'குடும்பத் தலைவி'யின் கணக்கில் நேரடியாகப் போடுகிறது. திருமணமாகாத தனித்த பெண்களும் கைம்பெண்களும் திருநங்கைகளும் குடும்பத்தை நடத்தினால் அவர்களும் குடும்பத் தலைவிகளாகவே கருதப்படுகிறார்கள். தொகை சிறியதுதான். அதை உதவி என்று சொல்லாமல் உரிமை என்று சொன்னதையும், சமைத்துப் போட்டுப் பிள்ளை வளர்த்த உழைப்புக்கு அரசு ஏட்டில் ஓர் இடம் கிடைத்ததையும் நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது. ரேஷன் கடை ஒத்துக்கொண்ட ஒன்றை நம் வீட்டு வைஃபை ஒத்துக்கொள்ள மறுப்பதேன்?

வீட்டு வேலைக்கு வருகிறவரின் நிலை இதைவிட மோசம். நுழைவாயில் ஆப்களில் 'வீடு' என்ற பக்கத்தைத் திறந்தால் குடும்பத்தினர், வேலையாள், வாகனம், செல்லப்பிராணி என்று வரிசை வரும். இதை வடிவமைத்தவருக்குக் கெட்ட எண்ணம் ஏதும் இருந்திருக்காது. கேட்டைக் கடக்கும் அனைத்தையும் ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் பார்க்கிறவர் கண்ணில் பத்தாண்டாக அந்த வீட்டில் பாத்திரம் கழுவும் அக்கா, காருக்கும் நாய்க்கும் பக்கத்தில் ஒரு சொத்தாக நிற்கிறார். அவர் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார் என்பது பதிவாகிறது. அவருக்கு நட்சத்திரம் கொடுத்து மதிப்பிடும் வசதியும் சில ஆப்களில் இருக்கிறது. அந்த வீட்டுக்கு அவர் மதிப்பெண் போட வழியில்லை. சம்பளம் மாதம் பத்தாம் தேதிக்கு முன்னால் வருவதில்லை, மிச்சம் மீதியைத்தான் தட்டில் போடுகிறார்கள், தனி டம்ளர் வைத்திருக்கிறார்கள் என்று அடுத்து அந்த வீட்டுக்கு வேலைக்கு வரப்போகும் பெண்ணை எச்சரிக்க அவருக்கு ஒரு பொத்தான் கிடையாது. தேநீர்க்கடையின் இரட்டைக் குவளைக்கு எதிராக இத்தனை போராட்டங்களை நடத்திய மாநிலத்தில், பத்தாவது மாடி அடுக்களையின் இரட்டைக் குவளையைப் பற்றி யாரும் வழக்குப் போடவில்லை.

சட்டம் முழுக்கக் கைவிட்டுவிடவும் இல்லை. தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கு 2007 முதல் தனி நலவாரியம் இருக்கிறது. 2018-இல் குறைந்தபட்சக் கூலியும் அறிவிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வீட்டுப் பணியாளர்களுக்கென்று தனிச் சட்டம் கொண்டுவருவதைப் பரிசீலிக்கும்படி ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு மார்ச் மாதம் அர்பன் கம்பெனி மும்பையில் 'இன்ஸ்டா மெய்ட்ஸ்' என்று ஒரு சேவையைத் தொடங்கி, ஒரு மணிநேரம் 49 ரூபாய் என்று விளம்பரம் செய்தது. எதிர்ப்பு கிளம்பியதும் பெயரை 'இன்ஸ்டா ஹெல்ப்' என்று மாற்றியது. பெயரை மாற்றுவதுதான் இவர்களுக்கு எப்போதும் எளிதாக இருக்கிறது. நம் வீட்டு அக்கா நலவாரியத்தில் பதிந்திருக்கிறாரா என்று கேட்டிருக்கிறோமா? அவருடைய வாராந்திர விடுமுறை நம் குடும்பக் காலண்டரில் ஏறியிருக்கிறதா? அவர் வராத நாளில் அம்மா தனியாக எல்லாவற்றையும் செய்கிறார் என்றால், ஒரு பெண்ணின் ஓய்வு இன்னொரு பெண்ணின் முதுகில் ஏற்றப்படுகிறது. 'அவ இன்னைக்கு லீவு போட்டுட்டா' என்ற அம்மாவின் கோபம் அப்பாவை நோக்கித் திரும்பாமல் அந்த அக்காவை நோக்கித் திரும்புவதற்குக் காரணம் அதுதான்.

இனி லொகேஷன். இதைச் சிரித்துக்கொண்டே எழுத முடியவில்லை.

பாதுகாப்புக்காக என்று சொல்லித்தான் எல்லா வீடுகளிலும் அதைப் போடுகிறார்கள். ஆவடியிலிருந்து இரவுக் கடைசி ரயிலில் தனியாக வரும் பெண்ணுக்கு அது உதவவும் செய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் யாருடைய புள்ளி வரைபடத்தில் தெரிகிறது என்று பாருங்கள். 19 வயது மகளின் புள்ளி தெரியும். 23 வயது மகனுடையது தெரியாது, அல்லது தெரிந்தாலும் யாரும் பார்ப்பதில்லை. அப்பாவுடையது கிடையவே கிடையாது. ரயில்வே தண்டவாள விபத்தைப் பற்றிய பயம் என்றால் மூன்று புள்ளிகளும் இருந்திருக்க வேண்டுமே. கல்லூரி முடிந்து அரை மணிநேரம் திருமுல்லைவாயல் பூங்காவில் அவள் யாரோடு நின்றாள் என்பதுதான் அங்கே கேள்வி. அகமணமுறைதான் சாதியின் உயிர்நாடி என்று 1916-இலேயே, 25 வயதில், அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கட்டுரை வாசித்தார். சாதி தன்னைக் காத்துக்கொள்ள இளம்பெண்ணின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தியாக வேண்டும் என்பது அதிலிருந்து நேராக வருகிறது. முன்பு அதற்குத் தெருமுனையில் உட்காரும் மாமன் தேவைப்பட்டார்.

இது மிகையான பயம் என்று தோன்றினால் பெயர்களை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். இளவரசன், கோகுல்ராஜ், உடுமலை சங்கர். 2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டையில் வெட்டிக் கொல்லப்பட்ட கவின் செல்வகணேஷ், மென்பொருள் நிறுவன ஊழியர். அவர் பழகிய பெண்ணின் சகோதரர் கைது செய்யப்பட்டார். படிப்பும் நல்ல வேலையும் சாதியைத் தாண்டவைத்துவிடும் என்று நம்பிய பலருக்கு அந்தச் செய்தி அடிவயிற்றில் விழுந்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஆணவக் கொலைகளுக்கு எதிரான சட்டத்துக்குப் பரிந்துரை வழங்க, ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. வயதுவந்த இருவர் மணந்துகொள்ளக் குடும்பத்தின், சமூகத்தின் ஒப்புதல் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் சக்தி வாஹினி வழக்கில் 2018 மார்ச் மாதமே தெளிவாகச் சொல்லியாயிற்று. சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967-இலேயே சட்டம் இயற்றிய மாநிலம் இது. இவ்வளவுக்கும் பிறகு, தங்கையின் போனில் லொகேஷனை ஆன் செய்து அப்பாவின் போனோடு இணைத்துக் கொடுப்பது அண்ணன்தான். அவன் டீ ஷர்ட்டில் பெரியார் இருக்கலாம். தங்கையைக் கேட்டானா? கேட்டாலும் 'வேண்டாம்' என்று சொல்லும் இடத்தில் அவள் இருந்தாளா?

இங்கே இரண்டு மறுப்புகள் வரும். ஒரு ஆப்புக்குள்ளுமா சாதியைத் தேடுவது என்பது ஒன்று. தேட வேண்டிய அவசியமில்லை. படிவம் கேட்கிறது, வீடு பதில் சொல்கிறது, அந்தப் பதிலில் இருக்கிறது. இன்னொன்று நம் தோழர்களிடமிருந்தே வரும். இந்தக் குப்பையை எல்லாம் அழித்துவிட்டுப் போகலாமே, பெருநிறுவனத்துக்கு எதற்கு நம் குடும்ப விவரம்? நியாயமான எரிச்சல்தான். ஆனால் ஆப்பை அழித்தால் விதிகள் அழியாது, மறுபடி கண்ணுக்குத் தெரியாமல் போகும். அப்பா கடைசியாகச் சாப்பிடுவதில்லை, அம்மா கடைசியாகச் சாப்பிடுகிறார் என்பது எங்கேயும் எழுதப்பட்டிருக்கவில்லை. அதனால்தான் அதைப் பற்றிச் சண்டை போடவே முடியாமல் இருந்தது. "யார் சொன்னா? நம்ம வீட்டுல அப்படியெல்லாம் இல்லையே" என்று முடித்துவிடுவார்கள். இப்போது ஒரு மாதத்து வேலைப் பட்டியலைத் திறந்து எத்தனை வரி யார் பெயரில் இருக்கிறது என்று எண்ணிக் காட்ட முடியும். அம்மாவின் நிறம் ஆரஞ்சு என்றால் திரை முழுக்க ஆரஞ்சாக இருக்கும். அதைப் பார்த்தபின் 'இல்லையே' என்பது கொஞ்சம் கடினம்.

கடினம்தான், முடியாததல்ல. செட்டிங்ஸை நீங்கள் மாற்றினால் அப்பா மறுநாள் திரும்ப மாற்றலாம். சமையல் வரியைத் தம்பி பெயருக்கு மாற்றிவிட்டு அவன் சுடுதண்ணீர் வைக்கக்கூடக் கற்றுக்கொள்ளாவிட்டால் ஆப்பில் சமத்துவமும் அடுப்படியில் அம்மாவும் இருப்பார்கள். ஆகவே விரலுக்கு முன்னால் வாய் போக வேண்டும். போன் கைக்கு வந்ததும் தனியாக ஒரு மூலையில் உட்கார்ந்து நிரப்பித் தராமல், எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து ஒவ்வொரு கேள்வியாகச் சத்தமாகப் படியுங்கள். "அட்மின் யாரு?" என்று கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருங்கள். இரண்டு பேரை அட்மினாக்க அந்த ஆப்பில் இடமிருந்தால் அம்மாவையும் ஆக்குங்கள், இல்லையென்றால் அம்மாவை மட்டும் ஆக்குங்கள். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் சாதிப்பெயர் எட்டிப்பார்த்தால், 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப்பட்டத்தைத் துறக்கத் தீர்மானம் போட்டதை அப்பாவுக்கு ஞாபகப்படுத்தலாம். அவருக்கே பெருமையாக இருக்கும், தமிழ்நாட்டில் அது எளிய பகுதி. லொகேஷன் என்றால் நான்கு பேருக்கும், அல்லது ஒருவருக்கும் இல்லை. தங்கை அதை அணைத்தால் யாரும் காரணம் கேட்பதில்லை என்பதையும் சேர்த்து ஒப்புக்கொள்ள வையுங்கள். உணவுக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடலாம். பெரும்பாலான ஆப்கள் அதற்குமேல் வற்புறுத்துவதில்லை.

வேலைக்கு வரும் அக்காவின் பெயரை நுழைவாயில் ஆப்பில் எப்படிப் பதிந்திருக்கிறீர்கள் என்றும் ஒருமுறை பாருங்கள். 'மெய்ட்', 'வேலைக்காரி', 'ஆயா' என்று இருந்தால் அங்கே அவருடைய பெயரைப் போடுவதற்கு எந்த அசோசியேஷனின் அனுமதியும் தேவையில்லை. முதலில் அவருடைய முழுப்பெயர் என்ன என்று அவரிடமே கேட்க வேண்டியிருக்கும்.